மலையுச்சிப் பொறியும் நகரத்துக் கையும்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லும் நெடுஞ்சாலை, புசல்லாவையைக் கடந்து இறம்பொடையை அடையும்போது மலைகள் இருமருங்கும் நெருங்கி நிற்கின்றன. 109 மீட்டர் உயரத்திலிருந்து வீழும் இறம்பொடை அருவியின் நீர் கொத்மலை ஓயாவைச் சென்று சேர்கிறது. மேற்கே பள்ளத்தாக்கில் கொத்மலை நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கிறது. தென்கிழக்கே, நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவில், இலங்கையின் மிக உயர்ந்த சிகரமாகிய பீதுருதலாகலை 2,524 மீட்டர் உயரத்தில் நிற்கிறது.

அந்தச் சிகரத்தின்மேல் நிற்கும் கோபுரத்திலிருந்து தொலைக்காட்சி அலைகள் நாடெங்கும் பாய்கின்றன. ஆனால், எந்நேரத்தில் எந்தக் காட்சி செல்ல வேண்டும் என்று தீர்மானிக்கும் கை அந்த மலையில் இல்லை. அது நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்கு அப்பால், கொழும்பு நகரத்தில் இருக்கிறது. பொறி ஓரிடம், அதனை ஏவும் கை வேறிடம் என்னும் இந்த ஏற்பாடு இன்று எவருக்கும் வியப்பளிப்பதில்லை. எனினும், அது தானாக அமைந்ததன்று. கட்டளையைத் தொலைவுக்கு அனுப்புவது எளிதாயிற்று. அக்கட்டளையை ஏற்று நடக்கத்தக்க நிலையில் தொலைவிலுள்ள பொறிகளை முன்கூட்டியே ஒழுங்குபடுத்தி வைப்பதுதான் அரிய காரியமாக இருந்தது. தொலையியக்கத்தின் வரலாறு பெரும்பாலும் இந்த முன்னேற்பாட்டின் வரலாறேயாகும்.

முன்னேற்பாடு என்பது யாது? தேயிலைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்க்கு அதனை விளக்குவது கடினமன்று. விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் தொழிலாளர் கூடுவர். பெயர்கள் அழைக்கப்படும். வந்தவர் யார், வராதவர் யார் என்று கணக்கப்பிள்ளை செக்ரோலில் குறிப்பார். கொழுந்தெடுக்க இன்னார், கவ்வாத்துக்கு இன்னார், முள்ளுக்குத்த இன்னார் என்று ஆட்கள் மலைமலையாகப் பிரித்து அனுப்பப்படுவர். ஒரே ஆளை இரண்டு கங்காணிமார் ஒரே வேளையில் தத்தம் மலைக்கு அழைத்தால் வேலை கெடும். வராத ஆளை வந்தவராக எண்ணி வேலையைத் திட்டமிட்டாலும் கெடும். தொலைவிலிருந்து இயக்கப்படும் ஒளிபரப்புக் கருவிகளுக்கும் இத்தகைய பிரட்டு ஒன்று தேவைப்படுகிறது. எந்தெந்தக் கருவி உண்டு, அது எந்த நிலையில் உள்ளது, இப்போது எவர் கைக்கு உரியது, கட்டளை வராது போனால் அது என்ன செய்ய வேண்டும் என்னும் நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதப்பட்ட பின்னரே விசையை அழுத்துவதில் பொருளுண்டு.

இக்கேள்விகளை முதன்முதலாக எழுப்பியது ஒளிபரப்பன்று. மலைநாட்டு மக்கள் நாள்தோறும் கண்ட இரயில் பாதையே அதற்கு முன்னோடி. கொழும்பிலிருந்து சென்ற பாதை 1867இல் கண்டியை எட்டியது. மலைநாட்டுக் கிளை 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் அட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. ஒற்றைப் பாதையில் எதிரெதிராக இரு வண்டிகள் வந்தால் விளைவு யாதென்று சொல்ல வேண்டுவதில்லை. இதற்கு மாற்றாக இங்கிலாந்தில் எட்வர்ட் டையர் என்பார் 1878இல் டப்லட் என்னும் தகட்டு முறையை வகுத்தார். இரண்டு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஒரு தகடு வெளியே எடுக்கப்பட்டதும், அது திரும்ப வைக்கப்படும் வரை எந்தப் பக்கத்திலிருந்தும் மற்றொரு தகட்டை எடுக்க இயலாது. தகட்டைக் கையில் வைத்திருக்கும் ஓட்டுநருக்கே அப்பாதை உரியது. இலங்கையின் மலைப்பாதையில் இம்முறை நெடுங்காலம் வழங்கி வந்தது. ஓடும் வண்டியிலிருந்து தகட்டு வளையம் கைமாறும் காட்சியைக் கண்டவர் பலர். ஒரு பொருளை ஒரு நேரத்தில் ஒருவரே ஆள வேண்டும் என்னும் விதியை, மனிதரின் நினைவாற்றலை நம்பி விடாமல் பொறியின் அமைப்பிலேயே பதித்து வைத்தமையே இம்முறையின் சிறப்பு.

இதற்கு முன்பே, 1856இல், ஜான் சாக்ஸ்பி என்பார் இரயில் நிலையத்துக் கைகாட்டியையும் பாதை மாற்றும் முட்களையும் ஒன்றோடொன்று பூட்டும் பொறிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். பாதை சரியாகத் திருப்பப்படாத நிலையில் கைகாட்டியை இறக்க முயன்றால் நெம்புகோல் அசையாது. தொலைவிலுள்ள பொருளின் நிலை, அருகிலுள்ள கையைத் தடுத்து நிறுத்துகிறது. இவ்விரு கருத்துகளும் பிற்காலத்தில் ஒளிபரப்பு நிலையங்களுக்குள் புகுந்தன.

இலங்கையில் ஒலிபரப்பின் தொடக்கம் மிக எளியது. தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளராக வந்த எட்வர்ட் ஹார்ப்பர், 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சிற்றறையிலிருந்து கிராமபோன் இசையைச் சோதனையாக ஒலிபரப்பினார். கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டு அந்த ஒலிபரப்பி அமைக்கப்பட்டது. 1925 டிசம்பர் 16இல் முறையான ஒலிபரப்புத் தொடங்கியது. ஆரம்ப காலத்தில் பேசுபவரும் பொறியும் அருகருகே இருந்தமையால், ஏதேனும் பழுது நேர்ந்தால் எழுந்து சென்று பார்க்கலாம். தொலைவு என்னும் சிக்கல் இன்னும் பிறக்கவில்லை.

ஆற்றல் பெருகியபோது தொலைவும் பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசிய நேசப் படைகளின் தலைமையகம் 1944இல் கண்டிக்கு இடம்பெயர்ந்தது. அப்படையினருக்கென எழுந்த வானொலிக்காக, கொழும்புக்கு வடக்கே ஏக்கலையில் 100 கிலோவாட் ஆற்றலுள்ள சிற்றலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. 1949இல் அவ்வொலிபரப்பி இலங்கை அரசின் வசம் வந்து, இலங்கை வானொலியின் பெருங்குரலாயிற்று. பெரிய ஒலிபரப்பிக்கு விசாலமான நிலமும் உயர்ந்த அலைவாங்கிகளும் வேண்டும். கலையகத்துக்கோ கலைஞரும் செய்தியாளரும் எளிதில் வந்து சேரத்தக்க நகரம் வேண்டும். ஆகவே குரல் கொழும்பிலும் பொறி ஏக்கலையிலுமாகப் பிரிந்தன. இரண்டு முனைகளிலும் பொறியியலாளர் இரவுபகலாகக் காவலிருந்தனர். தொலையியக்கம் என்பது அக்காலத்தில் ஒரு மனிதர் மற்றொரு மனிதரிடம் தொலைபேசியில் சொல்லுவதாகவே இருந்தது.

காவலிருக்கும் மனிதரை நீக்கிவிட்டுப் பொறியை மட்டும் விட்டுவைக்க முடியுமா என்னும் வினாவை அமெரிக்கா எதிர்கொண்டது. அந்நாட்டு மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் 1953இல், குறைந்த ஆற்றலுள்ள ஒலிபரப்பிகள் பலவற்றைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதியளித்தது. அனுமதியோடு நிபந்தனைகளும் வந்தன. ஒலிபரப்பியை ஏற்றவும் இறக்கவும் கட்டளை செல்ல வேண்டும். மின்னழுத்தமும் மின்னோட்டமும் எவ்வளவு என்னும் அளவுகள் திரும்பி வர வேண்டும். இடையிலுள்ள கம்பி அறுந்தால் ஒலிபரப்பி தானாகவே நின்றுவிட வேண்டும். இம்மூன்றனுள் கடைசி நிபந்தனை ஆழ்ந்த பொருளுடையது. கட்டளை கிடைக்காத பொறி தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கலாகாது, தீங்கில்லாத நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பதை அது விதியாக்கிற்று.

ஒலியோடு நின்றிருந்த இச்சிக்கல், ஒளிப்படம் நாடாவில் ஏறியபோது பன்மடங்காயிற்று. 1956 ஏப்ரல் 14இல் சிக்காகோவில் அம்பெக்ஸ் நிறுவனம் தனது ஒளிப்பதிவு நாடாப் பொறியை உலகுக்குக் காட்டியது. இரண்டு அங்குல அகலமுள்ள காந்த நாடா வினாடிக்குப் பதினைந்து அங்குல வேகத்தில் ஓட, நான்கு பதிவுத் தலைகள் அதன் குறுக்கே சுழன்றன. அவ்வாண்டு நவம்பர் 30இல், நியூயார்க்கில் வாசிக்கப்பட்ட மாலைச் செய்தியை ஹாலிவுட்டில் பதிவு செய்து, மூன்று மணி நேரம் கழித்து மேற்குக் கடற்கரை நேயர்களுக்கு அளித்தனர். காலத்தைத் தேக்கி வைக்கும் அணை ஒன்று கிடைத்துவிட்டது.

ஆனால் அப்பொறி விசையை அழுத்தியவுடன் படம் தருவதன்று. நாடாவும் சுழலும் தலைகளும் சீரான வேகத்தை அடையச் சில வினாடிகள் பிடிக்கும். ஆகவே படம் தேவைப்படும் கணத்துக்குச் சில வினாடிகள் முன்னதாகவே கட்டளை கொடுத்தாக வேண்டும். மேலும், அப்பொறிகள் பெருவிலையுடையவை. ஒவ்வொரு கலையகத்துக்கும் ஒன்று வாங்க எவராலும் இயலவில்லை. எனவே அவற்றை ஒரே அறையில் திரட்டி வைத்துப் பல கலையகங்களும் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் தோன்றியது. செய்திப் பிரிவு கேட்கும் அதே வேளையில் விளையாட்டுப் பிரிவும் அதே பொறியைக் கேட்கும். இரயில் பாதையின் தகட்டு விதி இங்கே மறுபிறவி எடுத்தது. இன்ன பொறி இன்ன நேரம் வரை இன்ன கலையகத்துக்கு உரியது என்று ஒதுக்கப்பட்ட பின், மற்றக் கலையகங்களின் விசைகள் அதனைத் தீண்டா. ஒதுக்கீடு நீங்கிய பின்னரே அடுத்தவர் கைக்கு அது செல்லும்.

இவ்வொதுக்கீட்டைப் பிழையின்றிச் செய்ய, ஒவ்வொரு கருவியைப் பற்றியும் ஒரு பட்டியல் வேண்டியிருந்தது. கருவியின் பெயர், அது எந்த இணைப்பில் பொருத்தப்பட்டுள்ளது, பதிவு செய்ய வல்லதா அல்லது ஓட மட்டும் வல்லதா, சீர்வேகம் அடைய எத்தனை வினாடி எடுக்கும், அதன் படமும் ஒலியும் எந்த வழியே வெளிவரும் என்பன அதில் இடம்பெறும். படம் வரும் வழியும் கட்டளை செல்லும் வழியும் வெவ்வேறானவை என்பதை இங்கே கருத வேண்டும். முதலாம் பொறியின் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, பட்டியலில் நேர்ந்த தவற்றினால் இரண்டாம் பொறிக்குக் கட்டளை அனுப்பினால், திரையில் எதுவும் அசையாது. அதே வேளையில் வேறெங்கோ ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சி நின்றுபோகும். இரண்டு வழிகளும் ஒரே கருவியில் சென்று முடிகின்றன என்பதை உறுதிசெய்வதே ஒழுங்குபடுத்தலின் உயிர்நிலை.

1980களில் இவ்வேலைக்குப் பொதுவானதொரு மொழி பரவியது. சோனி நிறுவனத்தின் ஒளிப்பதிவுப் பொறிகளில் ஒன்பது ஊசிகள் கொண்ட ஓர் இணைப்பு இருந்தது. அதன் வழியே வினாடிக்கு 38,400 இருமக்குறிகள் வீதம் கட்டளைகள் சென்றன. நில், ஓடு, பின்செல், இன்ன இடத்தில் ஆயத்தமாக இரு என்பன போன்றவை அவை. பொறியும் வாளாவிருக்கவில்லை. நின்றுவிட்டேன், நாடா இல்லை, ஆயத்தம் என்று விடை தந்தது. நாடாவின் ஒவ்வொரு படத்துக்கும் மணி, நிமிடம், வினாடி, படஎண் என்னும் காலக்குறி பொறிக்கப்பட்டிருந்தமையால், வினாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமாக இடம் குறிக்க முடிந்தது. பிற நிறுவனங்களும் இம்மொழியைப் பின்பற்றின. எனினும் அப்பொறிகளின் முகப்பில் சிறு விசை ஒன்று இருந்தது. ஒரு பக்கம் தள்ளினால் பொறி தொலைக் கட்டளைக்குப் பணியும். மறுபக்கம் தள்ளினால் அருகில் நிற்பவருக்கே பணியும். துப்புரவு செய்தவர் அதனை மாற்றி வைத்துவிட்டு மறந்து சென்றால், ஆயிரம் கட்டளை அனுப்பினும் பயனில்லை. தொலையியக்கம் முழுவதும் அருகிலிருப்பவரின் ஒரு விரலைச் சார்ந்திருந்தது.

தொலைவு மிகுந்தால் முன்னேற்பாட்டின் அருமையும் மிகும் என்பதற்குச் சந்திரனைவிடச் சிறந்த சான்றில்லை. அப்பலோ 15, 16, 17 ஆகிய பயணங்களில் சந்திரனுக்குச் சென்ற ஊர்தியின்மேல் ஒரு தொலைக்காட்சிப் படக்கருவி பொருத்தப்பட்டிருந்தது. அதனைத் திருப்பியவர் பூமியில், ஹூஸ்டன் நகரில் அமர்ந்திருந்த எட் ஃபெண்டெல் என்பவர். கட்டளை சந்திரனை அடைய ஒன்றேகால் வினாடிக்குச் சற்று மேலாகும். விளைவின் படம் திரும்பி வர மேலும் அவ்வளவு ஆகும். வீரர்களை ஏற்றிக்கொண்டு விண்கலம் மேலெழும் காட்சியைப் பின்தொடர்ந்து படம் பிடிப்பதே நோக்கம். முதன்முறை, கருவியைச் சாய்க்கும் பகுதி பழுதாயிற்று. இரண்டாம் முறை, ஊர்தி குறித்த தொலைவில் நிறுத்தப்படாமையால் கணக்குத் தவறியது. 1972 டிசம்பர் 14இல், மூன்றாம் முறை, விண்கலம் எழுவதற்கு முன்பே கணக்கிட்டு வைத்த நேரங்களில் கட்டளைகள் புறப்பட்டன. கலம் உயர உயரப் படக்கருவியும் நிமிர்ந்தது. கண்ணால் கண்ட பின் கையை அசைத்திருந்தால் கலம் படத்தைவிட்டு அகன்றிருக்கும். பழுதற்ற கருவி, சரியான இடம், முன்னறிந்த காலம் என்னும் மூன்றும் ஒருங்கே அமைந்த அன்றுதான் வெற்றி கிட்டியது.

அத்தகைய வெற்றிகளை உலகம் கண்டு சில ஆண்டுகள் கழித்தே தொலைக்காட்சி இலங்கைக்கு வந்தது. 1979 ஏப்ரல் 13இல் சுயாதீனத் தொலைக்காட்சி என்னும் ஐ.டி.என். ஒளிபரப்பைத் தொடங்கிற்று. அது கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டுமே எட்டியது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. 1982 பெப்ரவரி 15இல், ஜப்பானிய அரசின் உதவியோடு அமைந்த ரூபவாஹினி, தேசிய ஒளிபரப்பாகத் தொடங்கியது. நாடு முழுவதையும் எட்ட வேண்டிய நிலையில் பொறியியலாளரின் பார்வை பீதுருதலாகலைமேல் விழுந்தது.

அதற்குக் காரணம் அலைகளின் இயல்பில் இருக்கிறது. ஏக்கலையிலிருந்து சென்ற சிற்றலைகள் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, மலைகளைத் தாண்டிப் பள்ளத்தாக்குகளிலும் இறங்கின. தொலைக்காட்சி அலைகளோ ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. மலை குறுக்கிட்டால் அதன் மறுபுறம் நிழல் விழும். ஆகவே கோபுரம் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு தூரம் எட்டும். 2,524 மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி நோக்கினால் கண்ணுக்குத் தெரியும் அடிவானம் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். வானொலி அலைகள் காற்று மண்டலத்தில் சற்றே வளைந்து செல்வதால் அவற்றுக்கு 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட எல்லை கிடைக்கும். ஒரே சிகரம் இவ்வளவு பெரும்பரப்பை ஆளும் வாய்ப்பு வேறெங்கும் இல்லை. ஆயினும் அச்சிகரத்தின் காலடியிலுள்ள ஆழ்ந்த பள்ளத்தாக்குகளுக்கு இவ்வாய்ப்பு எப்போதும் உதவுவதில்லை. இடையிலுள்ள முகடு சிறிதாயினும் மறைக்கவே செய்யும். தொலைவிலுள்ள சமவெளிக்குத் தெளிவாகக் கிடைக்கும் படம், அருகிலுள்ள லயத்துக்கு மங்கலாகவும் கூடும்.

மலையுச்சிப் பொறிக்கு மின்சாரம் வேண்டும். இங்கே மலைநாட்டின் வரலாற்றில் மற்றொரு நூல் வந்து இணைகிறது. நுவரெலியா நகருக்கு விளக்கேற்ற 1912இல் பிளாக்பூல் என்னுமிடத்தில் சிறு நீர்மின் நிலையம் அமைந்தது. அதனோடு தொடர்புடைய பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா, மலையருவிகளைக் கொண்டு நாட்டுக்கே மின்சாரம் தரலாம் என்று 1918இல் ஆராய்ச்சிக் கட்டுரை படித்தார். அவர் கனவு கண்ட லக்சபான நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. கொத்மலை அணை 1985இல் நிறைவெய்தியது. மின்சாரம் மலையிலிருந்து நகரத்துக்கு இறங்கியது. குரலும் படமும் நகரத்திலிருந்து மலைக்கு ஏறின. ஆனால் அந்த மலைகளில் கொழுந்தெடுத்தவர்களின் லயன் அறைகள் பலவற்றுக்கு மின்விளக்கு பல பத்தாண்டுகள் கழித்தே வந்தது. நாட்டின் பெரும்பொறிகள் எல்லாம் தங்கள் தலைக்குமேல் நிற்க, அவற்றின் பயன் கடைசியாகத் தங்களுக்கு வந்து சேர்ந்ததை இம்மக்கள் தங்கள் வாழ்நாளிலேயே கண்டனர்.

மலையுச்சி நிலையம் ஒன்றை அமைப்பவர் எதற்கும் இரண்டாவது ஒன்றை வைப்பது பொது வழக்கம். ஓர் ஒளிபரப்பி பழுதானால் மற்றொன்று ஏற்கும். நகரத்து மின்சாரம் நின்றால் டீசல் பொறி ஓடும். படம் வரும் நுண்ணலை இணைப்புக்கும் மாற்று வழி வைப்பர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதற்குத் தொலைக் கட்டளையை எதிர்பார்க்காமல் நிலையமே முடிவெடுக்கும்படி அமைப்பர். இடி மின்னல் மிகுந்த மலையில் இது ஆடம்பரமன்று. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் இருளில் ஆழ்ந்தது. அத்தகைய நாளில் இரண்டாவது பொறி உண்டா, அதில் எண்ணெய் உண்டா என்னும் கேள்விக்கு நகரத்து மேசையில் உள்ள எந்த விசையும் விடை தராது. முந்திய வாரமே மலையேறிப் பார்த்தவரே விடை தர வல்லவர்.

பொறியின் காவல் பொறியியலை மட்டும் பொறுத்ததுமன்று. வடக்கே கொக்காவிலில் நின்ற தொலைக்காட்சி அஞ்சல் கோபுரம் 1990இல் போரில் அழிந்தது. அதன் பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவ்விடம் வெறுமையாக இருந்தது. 174 மீட்டர் உயரமுள்ள புதிய கோபுரம் 2011 ஜூனில் திறக்கப்பட்டது. நாட்டில் அமைதி இல்லாதபோது தொலையியக்கம் என்பது வெறும் கம்பியாகவே எஞ்சும் என்பதற்கு அந்த வெற்றிடம் சான்றாயிற்று.

இனி, இறம்பொடையின் மேற்கே உள்ள பள்ளத்தாக்கை நோக்கினால், இவ்வரலாற்றின் மறுபக்கம் தெரிகிறது. 1989இல், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் அரவணைப்பில், கொத்மலைச் சமூக வானொலி பிறந்தது. அதன் ஒலிபரப்பி சிறியது, எல்லை குறுகியது. பொறியும் கையும் கேட்பவரும் ஒரே பள்ளத்தாக்கில் இருந்தனர். 1999இல் யுனெஸ்கோவின் துணையோடு அங்கே இணையம் வந்தது. கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் இணைய வசதி ஏற்படுத்தப்பட்டது. நேயர்கள் தங்கள் ஐயங்களை எழுதி அனுப்ப, நிகழ்ச்சி நடத்துபவர் இணையத்தில் தேடி, கிடைத்ததை உள்ளூர் மொழியில் வானொலியிலேயே விளக்கினார். கணினியை ஒருநாளும் தொடாத ஒருவரின் கடிதம், உலகின் மறுகோடியிலுள்ள கணினியை இயக்கிற்று. இதுவும் தொலையியக்கமே. ஆனால் இங்கே கட்டளை நகரத்திலிருந்து மலைக்கு வரவில்லை; மலையிலிருந்து உலகுக்குச் சென்றது. இந்த முயற்சியைப் பிற நாட்டினர் வந்து கண்டு சென்றதன் காரணம் கருவியின் பெருமையன்று. விசை யார் கையில் இருக்க வேண்டும் என்னும் கேள்விக்கு அது தந்த விடையேயாகும்.

அதே இணையம் பெரிய ஒளிபரப்பு நிலையங்களுக்குள்ளும் புகுந்தது. 2017இல் வெளியான எஸ்.எம்.பி.டி.இ. 2110 என்னும் தரவிதிகள், படத்தையும் ஒலியையும் தனித்தனிப் பொதிகளாகக் கணினி வலையில் அனுப்ப வழிசெய்தன. ஒன்பது ஊசி இணைப்பில் ஒரு கம்பிக்கு ஒரு கருவி என்றிருந்தது. வலையிலோ எந்தக் கையும் எந்தப் பொறியையும் எட்டக்கூடும். பட்டியல் கணினியில் எழுதப்படுகிறது. ஒதுக்கீடு நொடியில் மாறுகிறது. வசதி பெருகியதோடு ஆபத்தும் பெருகியது. 2015 ஏப்ரல் 8இல் பிரான்சு நாட்டின் டி.வி.5 மொண்டே நிறுவனத்தின் வலைக்குள் அயலார் புகுந்தனர். ஒளிபரப்புக் கருவிகளை இயக்கும் அமைப்புகளைக் கெடுத்து, அதன் அலைவரிசைகளை இருளாக்கினர். அன்று அந்நிறுவனத்தின் புதிய அலைவரிசை ஒன்று தொடங்கியிருந்தமையால் தொழில்நுட்பவியலாளர் நிலையத்திலேயே இருந்தனர். அவர்கள் தாக்குதல் நடக்கும் கணினியைத் தேடிக் கண்டு, வலையிலிருந்து பிரித்தனர். நிறுவனம் முற்றாக அழியாமல் காத்தது அந்தச் செயலே. அருகில் நின்ற கையே அன்றும் கடைசிக் காவலாக இருந்தது.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது, மலைநாட்டில் மண்சரிவுகள் ஊர்களைப் புதைத்தன, சாலைகள் துண்டிக்கப்பட்டன, பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் ஒருங்கே அறுந்தன. அத்தகைய இரவில் மலைச்சரிவில் வாழும் ஒரு குடும்பத்துக்கு வானொலியின் எச்சரிக்கை என்பது உயிர்ப்பொருளாகும். அந்த எச்சரிக்கை அவர்களை எட்டுவதும் எட்டாததும், எழுதுபவரின் சொல்லை மட்டும் பொறுத்ததன்று. மலையிலுள்ள பொறி ஆயத்தமாக இருந்ததா, அதன் இரண்டாவது பொறி ஓடியதா, அது யார் கைக்கு உரியதென்று முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்ததா, இவற்றையும் பொறுத்ததாகும். எச்சரிக்கை மக்களின் சொந்த மொழியில் சொல்லப்பட்டதா என்பதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கேட்பவருக்கு விளங்காத மொழியில் வரும் எச்சரிக்கை, வராத எச்சரிக்கைக்கு ஒப்பாகும்.

கொழும்பிலிருந்து புறப்படும் கட்டளை, ஏறத்தாழ ஒரு வினாடியின் மூவாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் பீதுருதலாகலையை அடைந்துவிடும் வேகமுடையது. ஆனால் அக்கட்டளைக்குப் பணியும்படி ஒரு பொறியை மலையில் ஆயத்தமாக வைத்திருப்பதற்கு, மழையிலும் பனியிலும் பல நாட்கள் மனிதர் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. விடியுமுன் பிரட்டுக் களத்தில் கூடிய மக்களின் நாடு இது. வேலை தொடங்குமுன் பெயரைச் சரிபார்ப்பதன் அருமை இம்மண்ணுக்குப் புதிதன்று. அந்தப் பழைய ஒழுங்கைப் பொறிகளுக்கும் கற்பிப்பதோடு, அப்பொறிகள் நிற்கும் மலையின் மக்களையும் பட்டியலில் முதற்பெயராக எழுதி வைக்கும் நிலையமே, தொலைவை வென்ற நிலையம் எனத்தகும்.